பொண்ணு பார்க்கப் போன வீட்ல ஒரு டெய்ம்லர்

அன்டெனா கட்டின மூங்கிலத் திருப்பும்போது உள்ளங்கையில ஒட்டுற அந்த ஈரம் இருக்கே... இன்னும் கையிலயே இருக்கு. கண்டிக்குப் பக்கத்துல, வத்தேகமயில எங்க வீட்டுக்குப் பின்னால மழை தூறிக்கிட்டே இருக்கும். உள்ள இருந்து அண்ணன் கத்துவான். "இன்னும் கொஞ்சம்... ஆ, போயிருச்சு, திருப்பு திருப்பு."

அது தண்டனைங்க. டிவியில ஓடுற டெலிடிராமாவுல பழைய காரு வந்தா, மொதல்ல பேரு சொல்றவன் கதிரையில உக்காரலாம். தோத்தவன் வெளிய போய் அன்டெனா திருப்பணும். எங்க ரெண்டு பேருக்குள்ள அதான் சட்டம்.

சிங்கள டெலிடிராமான்னா பெரிய வீட்டு ஐயா ஒருத்தர் கட்டாயம் இருப்பாரு. அவரு வந்தா காரும் வரும். ஒரு செக்கன், ரெண்டு செக்கன்தான் காட்டுவான். அதுக்குள்ள முன்பக்கத்து கிரில்லப் பாக்கணும், லைட்டப் பாக்கணும், கதவு எந்தப் பக்கம் தொறக்குதுன்னு பாக்கணும். ஒரு நாடகத்துல ஐயாவோட காரு, இன்னொன்னுல நம்பர் பிளேட் மாத்தி வில்லனோட காரா வரும். அதையும் புடிச்சிருவோம். கதை என்னான்னு கேட்டா மட்டும் தெரியாது.

பொறவு நான் கண்டியில ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு வேலைக்குப் போனேன். அதே தெருவுல ஒரு பார்மசியில சுகந்தி வேலை செஞ்சா. மத்தது ஒங்களுக்கே வெளங்கும்...

அவ வீடு நாவலப்பிட்டி. அப்பாவுக்கு ஹாட்வெயார் கடை. லவ்வுன்னு தெரிஞ்சதும் மனுசன் மகளோட பேசுறதையே விட்டுட்டாரு. கடைசியா "வரச் சொல்லு, பாக்குறேன்"னு மட்டும் சொல்லியிருக்காரு. புடிக்கலேன்னா வேற எடத்துல பேசி முடிச்சிருவாங்கன்னு சுகந்தி அழுதா.

ஒரு ஞாயித்துக்கெழமை காலையில அப்பா, அம்மா, அண்ணன், நான், நாலு பேரும் போனோம். பஸ்ஸுலயே அம்மா சொல்லிட்டாங்க. "அவங்க வாயால சம்மதம் வராம யாரும் அங்க கை நனைக்கக் கூடாது. தேத்தண்ணியோட சரி." அப்புறம் என்னையப் பாத்து, "நீ வாயே தொறக்காத."

அங்க போனா டிவி ஓடுது. சுகந்தியோட அப்பா சத்தத்த மட்டும் கொறைச்சாரு, நிறுத்தல. முந்தின நாள் டெலிடிராமாவ மறுபடி போட்டிருந்தான். எங்க அப்பா மழையப் பத்திப் பேசினாரு, அவரு "ம்ம்"னாரு. விலைவாசியப் பத்திப் பேசினாரு, அதுக்கும் "ம்ம்".

அப்பதான் டிவியில பெரிய வீட்டு வாசல்ல கறுப்பு கலர்ல ஒரு காரு வந்து நின்னுச்சு.

"ஜாகுவார்," ன்னாரு சுகந்தியோட அப்பா. யாருகிட்டயும் இல்ல, தனக்குத்தானே.

என் வாய் சும்மா இருக்கணுமே...

"இல்லீங்க, அது டெய்ம்லர்."

அண்ணன் என் கால மிதிச்சான். அம்மா சேலைத் தலப்ப வாயில வச்சிக்கிட்டாங்க.

அவரு மெதுவா திரும்பினாரு. "முன்னுக்குப் பூனை பொம்மை பாயுதே, தெரியலியா?"

"பூனைய யாரும் வாங்கி ஒட்டலாங்க. எங்க கடையிலயே விக்கிறோம். பாடி ரெண்டுக்கும் ஒன்னுதான். ஆனா டெய்ம்லருக்கு கிரில் மேல் பட்டையில வரி வரியா இருக்கும், ஜாகுவாருக்கு வழவழன்னு இருக்கும்."

"நான் வரி ஒன்னும் பாக்கலியே."

"நான் பாத்தேங்க."

தேத்தண்ணித் தட்டோட வாசப்படியில நின்ன சுகந்தி மொகம் வெளிறிப் போச்சு. காரு போயிருச்சு, விளம்பரம் ஓடுது. கெடுத்தேன்டா எல்லாத்தையும்னு நெனச்சேன்.

அவரு எழும்பினாரு. போகச் சொல்லப் போறாருன்னு நானும் எழும்பினேன்.

"ஒக்காருங்க," ன்னு சொல்லி, தன்னோட கதிரைய இழுத்து என் பக்கத்துல போட்டாரு. அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா? இத்தன வருசமா இந்த வீட்ல நான் காரு பேரு சொல்றேன். ஒருத்தராச்சும் இல்லேன்னு சொல்லியிருக்கீங்களா? எல்லாரும் ம்ம் தானே போடுறீங்க. இலையப் போடு. மாப்பிள்ளை சாப்பிட்டுட்டுத்தான் போகணும். காரு இன்னொரு தடவ வரும், பாத்துருவோம்."

மாப்பிள்ளைன்னுட்டாரு...

அம்மா அப்பாவப் பாத்தாங்க. அப்பா எழும்பி கை கழுவப் போனாரு.

அன்னைக்கு காரு திரும்ப வரவே இல்ல. சண்டை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. தீவாளிக்குப் போனாலும் "என்னா மாப்பிள்ளை, ஜாகுவார்தானே?"ன்னுதான் மாமா தொடங்குவாரு.

இப்ப போனக் காட்டினா காரோட பேரு, மாடல் எல்லாம் அதுவே சொல்லிருது. ரெண்டு செக்கனுக்காக நாங்க ஏன் மூச்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தோம்னு என் மகளுக்கு வெளங்காது. போன மாசம் அவதான் அந்த டெலிடிராமாவ நெட்டுல தேடிப் புடிச்சா. "தாத்தா வாங்க, இன்னைக்கு முடிவு பண்ணிருவோம்." காரு வந்துச்சு. நிறுத்தினா. கிரில்லப் பெருசாக்கப் போனா.

மாமா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிக்கிட்டே இருந்தாரு, போடல. எனக்கும் என்னமோ பண்ணுச்சு. தெரிஞ்சிட்டா அப்புறம் நாங்க ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறது...

யாரோ பழைய டேப்புல இருந்து ஏத்தினது போல. பெருசாக்கப் பெருசாக்க கட்டம் கட்டமாத்தான் வந்துச்சு. வரியும் இல்ல, வழவழப்பும் இல்ல.

"ஒன்னுமே தெரியலியே தாத்தா," ன்னா மக.

மாமா கண்ணாடியப் போட்டுக்கிட்டாரு. "நான் அப்பவே சொன்னேனே மாப்பிள்ளை. ஜாகுவார்."

"இல்ல மாமா, டெய்ம்லர்," ன்னேன். அப்பாடான்னு இருந்துச்சு.