கெட்டிலில் வந்து சேர்ந்த தீபாவளி

வளைகுடாவில் எல்லாப் பண்டிகையும் வெள்ளிக்கிழமைதான் வரும். பொங்கல், ஆடிப்பெருக்கு, பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் எதுவானாலும் காலண்டரில் என்றைக்கு வேண்டுமானாலும் வந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் கொண்டாடுவது டியூட்டி இல்லாத வெள்ளியன்று. அந்த வருஷத் தீபாவளியும் வாரத்தின் நடுவில் வந்து, என் வீட்டுக்காரர் குவாரியில் கல் உடைக்கும் இயந்திரத்தோடு கத்திக்கொண்டிருக்கும்போதே முடிந்துபோனது. குவாரி ஆட்கள் தங்கும் கேம்பிலிருந்த பசங்களும் அவரும் சேர்ந்து அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்களில், ராஸ் அல் கைமாவில் நாங்கள் இருந்தபோது நடந்தது. அவர் குவாரியில் ஃபோர்மேன். ஃபேமிலி விசாவில் நான் போய்ச் சேர்ந்ததும் கேம்பை விட்டு வந்து, மலையடிவாரத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வீட்டின் சொந்தக்காரி ஐம்பது வயது தாண்டிய ஓர் அரபியம்மா. கணவர் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் போடுகிற, பித்தளை நிறத்தில் மினுங்கும் முகமூடிக்குள்ளிருந்து அவள் பார்த்தால், என் வீட்டுக்காரர் காரணமே இல்லாமல் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொள்வார். அவள் அரபியும் இந்தியும் கலந்து ஒரு பாஷை பேசுவாள். நான் இந்தியும் தமிழும் கலந்து ஒன்று பேசுவேன். சண்டை போடுகிற அளவுக்கு இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

குளிக்கவும் துவைக்கவும் லாரித் தண்ணீர் வரும். குடிக்கவும் சமைக்கவும் அரபியம்மாவின் தொட்டித் தண்ணீர்தான். மேலே மலையிடுக்கில், காட்டாற்றின் குறுக்கே கல்லால் கட்டிய சின்ன அணை ஒன்று இருந்தது. மழை பெய்தால் அதன் பின்னால் ஒரு குட்டை தேங்கும். அங்கிருந்து ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் மலையோரமாகவே இறங்கி, அவளுடைய பேரீச்சந்தோப்பில் இருந்த தொட்டியில் விழும். தோப்புக்கு ஓர் இரும்புக் கதவு. எங்களையும் சேர்த்து நாலைந்து வீட்டுக்காரர்கள் அந்தக் கதவு வழியாகக் குடத்தோடு போய் வருவோம். வருஷத்தில் இரண்டு மழை பெய்தாலே அதிகம். பெய்ததை அடுத்த மழைவரை வைத்துக் குடித்தாக வேண்டும் என்பதால், அந்தக் குட்டையில் ஓர் ஆட்டைக்கூட அவள் வாய்வைக்க விடமாட்டாள். கல் எறிந்து விரட்டுவாள். குறி தப்பாது.

நான் ராமநாதபுரத்துப் பக்கம். தண்ணீரை இப்படிக் கட்டிக் காக்கிற ஒருத்தியைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் காவிரிப் பாசனத்துக்காரர். அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் காலை விட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், அண்டாவில் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீரில் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, "நல்லா சில்லுனு இருக்கு" என்றார். என் அம்மா அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்தான்.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சற்று முன்னால் அதிசயமாக ஒரு நல்ல மழை பெய்து, குட்டை விளிம்புவரை நிறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் நல்லெண்ணெய் பாட்டிலையும் சீயக்காய்ப் பொடியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பசங்களுக்காக டவுனில் கீழக்கரை பாய் கடையில் எடுத்த புது வேட்டிகளும் ஒரு பையில் இருந்தன.

"பாட்டிலோட எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"பசங்களோட எண்ணெ தேய்ச்சிக் குளிச்சிட்டு வந்துடுறேன். கறிக்கொழம்பு வச்சிரு."

"அதுக்கு முழு பாட்டிலா?"

"ஏழெட்டுப் பேருடி. எல்லாவனுக்கும் தலை காய்ஞ்சி கெடக்கு."

கேம்ப் பாத்ரூமில் குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் எங்கே என்று சொல்லவில்லை.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அரபியம்மா வந்தாள். கையில் கெட்டில். என் டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"குடி."

மேலே வட்டம் வட்டமாக மினுங்கியது. மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. நல்லெண்ணெய். கூடவே சீயக்காய்.

"என் தொட்டியில உன் சட்டிபானையைக் கழுவினியா?"

"மாஃபி! சத்தியமா இல்லை, மாஃபி!"

"இந்த வாசனை இந்த ஊர்ல உன் அடுப்படியில மட்டும்தான் வரும். ஹலாஸ், முடிஞ்சுது. நாளையிலேருந்து உனக்குக் கதவு இல்லை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. குடத்தின் அடியைத் துடைக்காமல் தொட்டிக்கருகே கொண்டுபோகாதவள் நான். அந்தத் தண்ணீர் நின்றுபோகும் என்பதைவிட, என்னைப் போய் அவள் அப்படி நினைத்துவிட்டாளே என்பதுதான் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தவள், காலையில் போன எண்ணெய் பாட்டிலை நினைத்து மூடிக்கொண்டேன். தொட்டியில் விழும் வாய்க்கால் கேம்பிலிருந்து வரவில்லையே, மலையிலிருந்தல்லவா வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டு, "யல்லா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினேன்.

பாதையின் ஆரம்பத்திலேயே அவருடைய பிக்கப் வண்டி நின்றது. பாதி வழியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அணையின் மேல் ஏறி நின்று பார்த்தால், எங்கள் குடிதண்ணீருக்குள் ஏழெட்டு எருமைகளைப்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலையிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து ஒரு பையனுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

முகமூடியும் கறுப்பு அபாயாவுமாக அரபியம்மா நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒரு பையன் மட்டும், பயத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் என்னைப் பார்த்து, "அண்ணி, கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்றான்.

"ஆச்சுப்பா. கெட்டிலிலேயே வந்துருச்சு."

"வெளியே வரச் சொல்" என்றாள் அரபியம்மா.

சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், துண்டுகளும் வேட்டிப் பையும் அவள் காலடியில் கிடந்தன. அவள் நிற்கும்வரை அவர்களால் எழுந்திருக்க முடியாது. அவர்கள் எழுந்திருக்கும்வரை அவள் நகர மாட்டாள். தினமும் மலையைப் பிளந்து வயிறு வளர்க்கிற ஆட்கள், ஒரு பெண்பிள்ளை முறைத்ததற்குத் தாடை நடுங்க உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"ஓடுற தண்ணிதானடி" என்றார் என் வீட்டுக்காரர், தலை மட்டும் வெளியே தெரிய. "ஓடுற தண்ணியில அழுக்கு நிக்குமா?"

"உங்க ஊர்ல ஓடிக் கடல்ல சேருது. இங்க ஓடி நம்ம தொட்டியில சேருதுங்க. எறங்குறதுக்கு முன்னாடி அந்த வாய்க்கா எங்க போவுதுன்னு பாக்க மாட்டீங்களா?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார். அது இறங்கிப் போகிற பக்கத்தில் தோப்பு தெரிந்தது, அதையும் பார்த்தார். அவருக்குச் சிரித்துச் சமாளிக்கத் தெரியும். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அரபியம்மாவைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, துண்டுகளை அவர்களிடம் எறிந்துவிட்டு நானும் திரும்பிக்கொண்டேன். பசங்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு கரையேறினார்கள். அவள் திரும்பி நின்றபடியே பேசினாள். அதுவரை கோபமாக இருந்த குரல் இறங்கிவிட்டது. "இந்த மழைத்தண்ணி கோடைவரைக்கும் வரணும். இது கெட்டா நான் எங்கே போவேன்?" என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னபோது, கங்கா ஸ்நானம் கேட்ட பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் வாய்க்காலின் வாயைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தார்கள். காற்று எண்ணெய்ப் படலத்தை அணையோரமாக ஒதுக்கி வைத்திருந்தது. அதை எதால் எடுப்பது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்தார். மடிப்பு கலையாத, கரையில் ஜரிகை மின்னிய வேட்டி. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கரையில் நின்றபடியே தண்ணீரின் மேல் படிய விட்டு இழுத்தார்கள். வேட்டி எண்ணெயைக் குடித்துக்கொண்டு பழுப்பாக வந்தது. பாறையின் மேல் பிழிந்துவிட்டு மறுபடி இழுத்தார்கள். பையிலிருந்த வேட்டிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒருத்தருக்கும் அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லாமல் போனது. பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் குழம்பு சாப்பிட்டார்கள்.

சாப்பிட்ட கையோடு தொட்டியைக் காலி செய்தார்கள். அந்தத் தண்ணீரையும் வெளியே கொட்டவிடாமல் அரபியம்மா ஒவ்வொரு பேரீச்சை மரமாகக் காட்டி ஊற்றச் சொன்னாள். சுவரைத் தேய்த்துக் கழுவினார்கள். எல்லாம் முடிந்ததும் அவள் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கதவு உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க டியூட்டி முடிந்ததும் என் வீட்டுக்காரர் கேம்பிலிருந்து கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து அந்த நாலைந்து வீடுகளுக்கும் சுமந்துபோய்க் கொடுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்க்கும்போது, "எண்ணெ தேய்ச்சி விடட்டுமாங்க?" என்று கேட்டேன். அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். நடுநடுவே அவர் மட்டும் மலைக்குப் போய்க் குட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மாலை, குட்டை தெளிந்துவிட்டது, வாய்க்காலின் அடைப்பை எடுத்துவிட்டேன் என்று சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அரபியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினாள். தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அவள் ஒரு கிண்ணத்தில் மொண்டு என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை, கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். யார் முதுகை யார் தேய்த்தார்கள் என்பது முழுசாகத் தெரிந்த ஆள் அவர்தானே. மெதுவாக என்னிடம் தமிழில் கேட்டார்.

"காய்ச்சாமயாடி?"

"அவங்க இத்தனை வருஷமும் காய்ச்சாமத்தாங்க குடிச்சாங்க. நீங்க எறங்குற வரைக்கும்."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. அரபியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த முகத்தை அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அவள் கிண்ணத்தை வாங்கி, கழுவாமல் அதிலேயே மறுபடி மொண்டு, முகமூடியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தானும் குடித்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "குடம் எங்கே?" என்றாள்.

கதவு எனக்கில்லை என்று நினைத்து நான் வெறுங்கையோடு வந்திருந்தேன். குடத்தை எடுக்க வீட்டுக்கு ஓடினேன், வழியெல்லாம் அழுதுகொண்டே.