கழுத்தில் விழுந்த அரிகரண்டி

நெய்யாற்றின்கரையில் சிப்ஸ் போடும் வேலையில் இருந்தபோது, சிப்ஸில் உப்பு ஏற எண்ணெயில் விடும் உப்புத்தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். முதலாளி, “உனக்க கண்ணு பொட்டையாலே?” என்று கத்தி, கொதிக்கும் எண்ணெயிலிருந்து சிப்ஸை அரித்தெடுக்கும் அரிகரண்டியால் என் கழுத்தில் அறைந்தார். அந்த வெறியில்தான் பாறசாலையில் சொந்தக் கடை போட்டேன்.

போன வருடம் என் வேலையாள் ஸ்டீபனும் அதே தவறைச் செய்தான். எண்ணெய் சீறி என் காலைச் சுட்டது. “உனக்க கண்ணு பொட்டையாலே?” என்று அரிகரண்டியை வீசினேன். அவன் குனிந்ததால் பிழைத்தான். பின்னாலிருந்த கண்ணாடி அலமாரி நொறுங்கியது. முதலாளியின் வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அப்போதுதான் உறைத்தது.

“நானும் கடை போடுவேன், பாத்துக்கிடும் அண்ணே” என்று ஸ்டீபன் இறங்கிப் போனான்.

இப்போது உப்புத்தண்ணீரை நானே ஊற்றுகிறேன். எதிரே ஸ்டீபனின் கடை. அங்கே அரிகரண்டி உயரும்போதெல்லாம் என் கழுத்து எரிகிறது.