தீவின் ஒரே அப்புக்காத்து

போன மாதம் மருமகளின் தம்பி தன் கலியாணக் கார்ட்டைக் கொண்டுவந்து தந்தான். பேருக்குக் கீழே ‘சட்டத்தரணி’ என்றிருந்தது. “தம்பி, நீர் பிறக்கிராசியோ, அப்புக்காத்தோ?” என்று கேட்டேன். ஏதோ மீன் பேர் என்று நினைத்தான் போல, முழித்தான்.

உங்களுக்குச் சொல்கிறேன். அந்த நாளில் கறுப்புக் கோட்டுப் போட்டவரெல்லாம் ஒரே ஆள் இல்லை. காணி உறுதிப் பத்திரம் எழுதி முடிக்க நொத்தாரிசு. வழக்குக் கதையைக் கேட்டு எழுதப் பிறக்கிராசி. பெரிய கோட்டிலே, அதுதான் நீதிமன்றத்திலே, எழும்பி நின்று வாதாட அப்புக்காத்து. இதை நான் படித்த விதம்தான் கொஞ்சம் வெட்கக்கேடு.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனாலும் இருபத்தாறு வயதில் எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில், மிசின் பூட்டிய சொந்த வள்ளம் வைத்திருந்தவன் நான். அந்தத் திமிரில் ஒருநாள் யோசேப்பு அண்ணையின் வலைக்கு மேலாலே ஓட்டிவிட்டேன். வலை கிழிந்து வழக்காகி, பொலிஸ் என் வள்ளத்தை இறங்குதுறையில் கட்டிவைத்தது. இறால் படுகிற காலம். கோடு வள்ளத்தை விட்டால்தான் கடல்.

“சந்தியிலை இருக்கிற பிறக்கிராசியாரிட்டைப் போங்கோவன்” என்றாள் மனைவி.

“பிறக்கிராசியோ? எனக்கு அப்புக்காத்துத்தான் பேசவேணும்!” கடற்கரை முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன்.

பெரிய விளைமீன் ஒன்றைப் பறியில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். அப்புக்காத்தர் நெற்றி நிறைய விபூதியோடு விறாந்தைக் கதிரையில் இருந்தார். அந்த வீட்டுக் குசினிக்குள் கருவாட்டு மணம்கூடப் போனதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

“ஆர் அனுப்பினது?”

“நானாத்தான் வந்தனான் ஐயா.”

“நேரை என்னட்டை வரேலாது காணும். பிறக்கிராசியார் வழக்குக் கட்டோடை வந்தாத்தான் பார்ப்பன்.”

“அவர் உங்களுக்குக் கீழை எல்லோ?”

“ஆர் சொன்னது? அவர் இல்லாட்டி நான் வாய் திறக்கேலாது. முதல்லை அந்த மீனை வெளியிலை வையும்.”

மீனோடு திரும்பினேன். சந்திப் பிறக்கிராசியார் பறிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஒரு வலை வழக்குக்கு அப்புக்காத்தோ? நானே பேசுவன். நீர் மட்டும் வாய் திறக்கப்படாது.”

திறந்தேன். வலை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று நீதவான் கேட்டதும் குற்றவாளிக் கூட்டுக்குள் நின்றபடி, “மிதப்புக் கட்டாத வலை மாதாவுக்கும் தெரியாது ஐயா!” என்றேன்.

“வாயை மூடும், அப்புக்காத்து!” என்றார் பிறக்கிராசியார்.

கோடே சிரித்தது. யோசேப்பு அண்ணையும்தான். அந்தச் சிரிப்போடு அவர் சமாதானத்துக்கு வந்தார். புது வலை வாங்கிக் கொடுக்க நான் ஒத்துக்கொண்டேன். வள்ளம் வந்தது, கூடவே அந்தப் பேரும்.

“டேய் அப்புக்காத்து, இறால் பட்டதோ?” என்று கரையிலிருந்து கத்துவார்கள். கோபம் கோபமாக வரும். எழுபதுகளில் சட்டம் மாறி, பிறக்கிராசி, அப்புக்காத்து இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்றார்கள். பெயர்ப்பலகைகள் எல்லாம் மாறின. என்னை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை. தீவில் மிஞ்சிய ஒரே அப்புக்காத்து, ஐந்தாம் வகுப்போடு!

பிறக்கிராசியார் போய்ச் சேர்ந்தார். யோசேப்பு அண்ணையும் போனார். கடைசிவரை என் ஞானஸ்நானப் பேர் அவர் வாயில் வந்ததில்லை.

முந்தாநாள் கலியாண வீட்டில் யாரோ “சட்டத்தரணி ஐயா!” என்று கூப்பிட, ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள். “அப்புக்காத்து” என்றிருந்தால் நான் ஒருத்தன்தான் திரும்பியிருப்பேன். கூப்பிடத்தான் ஆளில்லை.