ஏழு மணிக்கு மேல் இங்கிலீஷ்

இங்கிலீஷ் பேச ஏதாவது வழி சொல்லுங்கள் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. அதைச் சொல்வதுதான் என் பிழைப்பு. காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர்களிடம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று பேசுங்கள். பொருள்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். காதில் விழுகிற இங்கிலீஷை எல்லாம் கவனியுங்கள். தப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. எல்லோரும் சொல்கிற அதை நீங்கள் மட்டும் ஏன் மேடம் சொல்வதில்லை என்று ஒருவர் கேட்டார். விடுங்க சார், பெரிய கதை என்றேன்.

விருத்தாசலத்தில் நான் நான்காம் வகுப்பு படித்தபோது, புதிதாக வந்த இங்கிலீஷ் மிஸ் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். இதே குறிப்புகள்தான். இத்தனை வருடத்தில் ஒரு வரிகூட மாறவில்லை பாருங்கள். அன்றைக்கே உப்பு டப்பாவிலிருந்து பீரோ வரை பெயர் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். மறுநாள் வீடு முழுக்க எறும்பு. அம்மா என்னைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

எறும்பு வராத குறிப்பு ஒன்றுதான் மிஞ்சியது. ஏழு மணி முதல் எட்டு மணி வரை வீட்டில் தமிழே கூடாது. அதற்கு நான்தான் போலீஸ். யார் தமிழ் பேசினாலும் நோட்டில் அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு. வாரக் கடைசியில் கோடு குறைவாக இருப்பவர் ஜெயித்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அம்மா, கம், ஈட், போதுமா என்பதற்குக் கண் ஜாடை, இவ்வளவையும் வைத்து ஒப்பேற்றினாள். அப்பாதான் ஆச்சரியம். "ஒரு மணி நேரம்லாம் பத்தாது பாப்பா, படுக்குற வரைக்கும் வச்சுக்குவோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அப்போது வேலை போயிருந்தது. பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் பியூஸ் கட்டைகளை அடுக்குகிற, சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி படிகிற வேலை. ஒரு சூளையை அணைத்துவிட்டுச் சிலரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டில் சொல்லவில்லை. விடிந்ததும் அவசர அவசரமாக டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார், ஏழு மணிக்குத்தான் திரும்புவார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, தமிழில் ஒரு கேள்வி கேட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். இது எதுவும் தெரியாமலே, ஏழு மணிக்கு மேல் அவரை யாரும் தமிழில் கேட்க முடியாதபடி நான் காவல் காத்தேன்.

மிஸ் கொடுத்த தாளில் மாதிரிக்கு ஒரு கேள்வியும் பதிலும் இருந்தன. ஹவ் வாஸ் யுவர் வொர்க் டுடே? இட் வாஸ் ஃபைன், தேங்க் யூ. அம்மா எழுத்துக் கூட்டிக் கேட்பாள், அப்பா தாளைப் பார்த்துப் பதில் சொல்வார். சில நாளிலேயே அம்மா தாளைப் பார்க்காமல் கேட்க ஆரம்பித்தாள். வேறு எந்த வாக்கியமும் அவளுக்கு மனப்பாடமாகவில்லை. அப்பா மட்டும் தாளை விடவில்லை.

ஆனால் அப்பாவிடம் தாளில் இல்லாத இங்கிலீஷும் சேர்ந்துகொண்டே வந்தது. "யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ். தி டிரெயின் ஃப்ரம் சேலம் இஸ் அரைவிங் ஷார்ட்லி" என்று ஜங்ஷனில் அறிவிக்கிற பெண்ணின் குரலிலேயே ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்வார். நான் குதிப்பேன். அம்மா சிரிக்க மாட்டாள். ஒரு தடவை "என்னங்க, கம்பெனில..." என்று வாயெடுத்தாள். "இங்கிலீஷ்! இங்கிலீஷ்!" என்று கத்தினேன். அம்மா அப்படியே நிறுத்திக்கொண்டாள். அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் யாருக்கும் ஒரு கோடுகூட இல்லை. "ஹவ் வாஸ் யுவர் வொர்க் டுடே?" என்று கேட்டாள். "இட் வாஸ் ஃபைன், தேங்க் யூ." அம்மா அவருடைய சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"மூணு வாரமா தொவைக்கிறேங்க. தண்ணி வெள்ளையாவே ஆவல. முன்னல்லாம் மூணு தண்ணி மாத்தணும். எனக்குத் தெரியாதா? எங்கதான் போறீங்க தெனமும்?"

"இங்கிலீஷ்!" என்று கத்தினேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி உட்கார்ந்திருந்தார்.

"ஜங்ஷன்ல ஒக்காந்துக்குறேன்" என்றார்.

"வூட்டுல வந்து ஒக்காந்தா நாங்க என்ன தொரத்தியா வுடப்போறோம்?"

அப்பா சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு நாள் கட்டிக் காத்த ஆட்டத்தை இரண்டு பேருமாகக் கெடுத்துவிட்டார்களே என்று ஆத்திரம். நோட்டை எடுத்து அம்மாவுக்கு ஆறு கோடும் அப்பாவுக்கு ஒரு கோடும் போட்டேன். எனக்குக் கோடே இல்லை, நான்தான் ஜெயித்தேன்.

ஆனாலும் அப்பா சொன்னது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கிலீஷ் எங்கே கேட்டாலும் கவனி என்று தாளில் இருந்ததல்லவா, அதற்காகத்தான் அப்பா ஜங்ஷனில் போய் உட்கார்ந்திருக்கிறார், வேலையைக்கூட விட்டுவிட்டு! திங்கட்கிழமை முதல் வேலையாக மிஸ்ஸிடம் சொன்னேன். "எங்கப்பா இங்கிலீஷுக்காவ தெனமும் ஜங்ஷன் போறாங்க மிஸ்." மிஸ் நெகிழ்ந்துபோய், எல்லோரையும் எழுந்து நின்று கை தட்டச் சொன்னார்.

அன்று ஸ்கூல் விட்டு ஓடி வந்தால் அப்பா வீட்டிலேயே இருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "மொத்தக் கிளாசும் எழுந்து நின்னு ஒங்களுக்குக் கை தட்டுச்சுப்பா" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "தேங்க் யூ" என்றார்.

மணி ஏழாகவில்லை, தமிழிலேயே சொல்லியிருக்கலாம். இருந்தாலும் இங்கிலீஷில் சொன்னாரே என்று, நோட்டில் அவர் பெயருக்கு நேராக இருந்த அந்த ஒரு கோட்டை அழித்துவிட்டேன்.