படத்துக்காகப் பிடித்த துப்பாக்கி

இருபத்தைந்து ஆண்டு. ஆர்லீன் கோயின்ஸின் தம்பி டெல்பர்ட்டுக்குச் சட்டம் கொடுக்கக்கூடிய அதிகபட்சம் அது. துப்பாக்கி வைத்திருந்ததற்குப் பதினைந்து, பெயரைப் பதியாததற்குப் பத்து. அவனுக்கு வயது ஐம்பத்தேழு. உயிரோடு திரும்புவானா என்று ஆர்லீன் யாரையும் கேட்கவில்லை.

கென்டக்கி மலைப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆயுள் முழுக்கச் சமைத்தவள் ஆர்லீன். செப்டம்பரில் இடுப்பு எலும்பை மாற்றினார்கள். தனியாள். சூப் காய்ச்சவும் விறகு பிளக்கவும் எல்லைக்கு அந்தப் பக்கம் டென்னசியிலிருந்து தம்பி வந்து சேர்ந்தான்.

அவன் இளம்வயதில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்குத் தீங்கு செய்து எட்டு வருஷம் உள்ளே இருந்தவன். ஆர்லீன் அதற்கு ஒருநாளும் சப்பைக்கட்டு கட்டியதில்லை. பேசியதும் இல்லை. அவன் பெயர் டென்னசியின் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் ஆயுளுக்கும் உண்டு. வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் மூன்று வேலைநாளுக்குள் அங்கேயும் பதிய வேண்டும்; ஒரு மாதம் தங்கினாலே குடிபோனதாகத்தான் கணக்கு.

"நான் என்ன குடியா வந்துட்டேன்?" என்றான் டெல்பர்ட். "உன் இடுப்பு நேரானா கிளம்பிடுவேன்க்கா."

அவன் கிளம்புவதில் அவளுக்கு விருப்பமில்லை. அதனால் அவளும் வற்புறுத்தவில்லை. அப்படியே நவம்பர் வந்தது, மான் வேட்டைக் காலமும் வந்தது.

சிறைக்குப் போய் வந்தவன் துப்பாக்கி தொடக்கூடாது என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள சந்தும் தெரியும். குழல் வாயில் கரிமருந்தை இடித்து நிரப்பிச் சுடுகிற பழைய மாதிரி, மத்தியச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே இல்லை. டெல்பர்ட்டிடம் இருந்தது அதுதான். அதை வைத்துத்தான் ஒரு சனிக்கிழமை பத்துக் கிளைக் கொம்புள்ள ஆண்மானை வீழ்த்தினான்.

ஆர்லீன் ஊன்றுகோலோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள், கைபேசியும் கையுமாக.

"டேய், அந்தக் கட்டையைக் கீழ போடு. தீவனக் கடைப் பலகையில ஒட்டப்போறேன், பார்க்கிறவன் சிரிப்பான். அப்பாவோட ரைஃபிளைப் பிடி."

"அக்கா, நான் அதைத் தொடக்கூடாது."

"சுடவாடா சொன்னேன்? படம்தானே. அப்பா இருந்தா அவரே வந்து நின்னிருப்பாரு."

அவளே அலமாரியிலிருந்து எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அவன் மான்கொம்பை ஒரு கையிலும் ரைஃபிளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, முன்பல் இல்லாத வாயால் சிரித்தான்.

வேட்டைக் காலம் முழுக்கத் தீவனக் கடையின் பலகையில் ஊராருடைய படங்கள் தொங்கும். திங்கட்கிழமை ஆர்லீன் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஷெரீஃப் அலுவலகத்துப் போலீஸ்காரன் வேட் நாய்த்தீனி வாங்க வந்தான்.

"ஆர்லீன் அக்கா, யாரு இந்த அழகன்? பல்லை மான் பிடுங்கிட்டுப் போயிடுச்சா?"

"வாயைப் பாரு! என் தம்பிடா. செப்டம்பர்லேருந்து என்கூடத்தான் இருக்கான்."

வேட் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்ல மான்" என்றான். நாய்த்தீனி வாங்காமலே போய்விட்டான்.

வியாழக்கிழமை வீட்டைச் சோதனை போட்டார்கள். பட்டியலில் உள்ளவன் மாநில எல்லை தாண்டியிருந்ததால் வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. அரசு கொடுத்த வக்கீல் டாக்கெட் என்ற இளம்பெண். எதையும் பூசி மெழுகாதவள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னாள், டெல்பர்ட் ஒப்புக்கொண்டான்.

"ரைஃபிள் என்னுதும்மா. அப்பா எனக்குத்தான் கொடுத்தாரு" என்றாள் ஆர்லீன்.

"யாருதுன்னு சட்டம் கேக்கல. யார் கைக்கு எட்டுச்சுன்னுதான் கேக்குது. உங்க அலமாரிக்குப் பூட்டே கிடையாது. போதாததுக்குப் படம் வேற."

"வேட்டைக்குன்னா தண்டனையில குறைப்பாங்களாமே?"

"குறைப்பாங்க. பழைய குத்தம் இந்த மாதிரின்னா மாட்டாங்க."

"எல்லாம் ஒரே படத்துலேருந்து வந்ததுதானே? ஒரு தண்டனை போதாதா?"

"படம் ஒண்ணுதான், குத்தம் ரெண்டு. ரெண்டு தண்டனையும் சேர்ந்து ஓடணுமா, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணான்னு நீதிபதி சொல்வாரு. அவர் அதைப் பத்தி வாயே திறக்கலைன்னா சேர்ந்து ஓடும். திறக்காம இருக்கணும்னு வேண்டிக்குங்க."

ஆர்லீன் தேவாலயத்தில் அதைத்தான் வேண்டிக்கொண்டாள்: ஒரு மனிதர் பேசாமல் இருக்க வேண்டும்.

தீர்ப்பு நாளன்று அவளைப் பேச விட்டார்கள். மானைச் சுட்டது எது, படத்துக்காகக் கையில் கொடுத்தது யார், எல்லாம் சொன்னாள். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேட்டார்:

"பள்ளிப் பேருந்து உங்க வாசல்லதான் நிக்குதா?"

"ஆமாங்க."

"யார் ஏறுவாங்க?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேர்."

"உங்க வீட்ல யார் தங்கியிருக்காருன்னு அவங்க அம்மாவுக்குச் சொன்னீங்களா?"

ஆர்லீன் ஊன்றுகோலின் பிடியைத் திருகினாள். அந்தத் தாய் இப்போது பிள்ளைகளோடு சாலை முனைவரை நடந்துபோய் அங்கே ஏற்றிவிடுகிறாள். கையசைப்பதில்லை.

"இல்லைங்க" என்றாள்.

துப்பாக்கிக்கு நாற்பத்தாறு மாதம். பதியாததற்கு இருபத்து நான்கு. அதோடு நிறுத்துவார் என்று ஆர்லீன் அவர் வாயையே பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார்.

"ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று" என்றார். ஒன்று ஆயுதம் சம்பந்தப்பட்டது, மற்றது அண்டை வீட்டாருக்குத் தெரியவேண்டியதை மறைத்தது, ஒன்றுக்குள் இன்னொன்று அடங்காது என்று காரணமும் சொன்னார். ஆர்லீனுக்கு அதில் தப்பு ஒன்றும் தென்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அழைத்துப்போகும்போது டெல்பர்ட் திரும்பினான்.

"இடுப்பு எப்படிக்கா?"

"நேராயிடுச்சுடா."

"அப்ப நான் கிளம்பறேன்."

அடுத்த வாரம் அவனை ஒஹையோவில் உள்ள சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். ரைஃபிளை அரசு பறிமுதல் செய்துவிட்டது, அதை அழித்துவிடுவார்கள்.