கடலுக்கு இன்னொரு பெயர்

ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில், தங்கையின் பிரசவத்துக்காகக் காத்திருந்தபோது அந்த மீனவரைப் பார்த்தேன். விசைப்படகில் வேலை, உப்புக்காற்றில் செம்பட்டையான முடி. மீன் வாடை போய்விட்டதா என்று உள்ளங்கையை அடிக்கடி முகர்ந்துகொண்டார். முதல்நாள்தான் அவருக்கு மகன் பிறந்திருந்தான்.

“‘கை’ன்னு பேரு வெக்கப்போறேண்ணா. ஹவாய் தீவு பாஷைல கடலு. போன்ல பார்த்தேன்.”

“தமிழிலேயே வைக்கலாமே?”

“எங்க நைனா கடல்லதான் பூட்டாரு. கடலுன்ற பேச்சே வூட்ல கூடாதுன்னுது அம்மா. எனக்கு நைனா அங்கதான் கீறாரு.”

அப்போது குழந்தையோடு வெளியே வந்த தன் அம்மாவிடம் பெயரை மட்டும் சொன்னார்.

“கையா? சரி, நம்மள வுடாம புட்ச்சிக்கட்டும்” என்று அந்த அம்மாள் குழந்தையைப் பெயர் சொல்லிக் கொஞ்சினார்.

மீனவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அர்த்தத்தைப் பிறகாவது அம்மாவிடம் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றுகிறது. கூடாது என்று இன்னொரு நாள்.