துண்டுக்குள் பேசிய வாடகை

சரவணம்பட்டியில் நான் பார்த்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வாடகை பதினான்காயிரம் என்றார் வீட்டுக்காரர். கம்பெனிகள் வந்த பிறகு அந்தப் பக்கம் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. என் சம்பளத்தில் பன்னிரண்டுக்கு மேல் முடியாது. ஆனால் வேலைக்கு நடந்தே போய்விடலாம், சமையலறையில் வெளிச்சம் இருந்தது. விட மனமில்லாமல் குறைத்துக் கேட்டேன்.

“ஊட்ல பெரியவங்களக் கூட்டிட்டு வாங்க அம்மணி. பொம்பளப்புள்ளகிட்ட என்னத்தப் பேசறதுங்க?”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி, வங்கி என்று எல்லா இடத்திலும் நானே பேசி முடித்தவள். அப்பாவைக் கூப்பிடுவது தோற்றதுபோல இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து வரச் சொன்னேன்.

அப்பா மாட்டுத் தரகர். வீட்டுக்காரரும் தோட்டத்தை விற்று அடுக்ககம் கட்டியவர். வந்ததும் இருவரும் காளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அப்பா தோள்துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டார். சந்தையில் அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. இங்கே பக்கத்தில் நின்றது, வாடகை கொடுக்கப்போகிற நான்.

“ஏனுங்க, இந்தக் காசுக்கு மாடே வாங்கிப்போடலாமுங்க” என்றார் அப்பா.

“மாடு லிஃப்ட்ல ஏறுமுங்களா?” என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

துண்டு சற்று அசைந்து நின்றது. “முடிஞ்சுதுங்க” என்றார் அப்பா.

“எவ்வளவுங்கப்பா?”

“அட, வெளிய போயிச் சொல்றேன் கண்ணு.”

“குடுக்கறது நானுங்கப்பா. இங்கயே சொல்லுங்க.”

வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். “பன்னண்டு” என்றார் அப்பா மெல்ல.

நான் வீட்டுக்காரரிடம் திரும்பினேன். “மெயின்டனன்ஸ் சேர்த்துங்களா?”

“அது தனிங்க அம்மணி. ஆயிரத்தி ஐநூறு.”

“அப்பப் பேச்சு முடியலீங்க. எல்லாஞ் சேத்திப் பன்னண்டுன்னா இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுடறேன். அக்ரிமென்ட் என் பேர்ல.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “என்னையப் பாக்காதீங்க. என்ற யாவாரம் முடிஞ்சுது. இது அம்மணியோடது.”

வீட்டுக்காரர் தாடையைத் தடவினார். “மொத வருசத்துக்கு மட்டுந்தானுங்க” என்றார். அன்றே முன்பணம் அனுப்பினேன்.

இந்த வருடம் வாடகையை ஏற்ற வந்தவர், பெரியவர்கள் யாரையும் கேட்கவில்லை. கதவருகே நின்று தொகையை என்னிடமே சொன்னார். உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு, குறைத்துக் கேட்டேன்.